கணக்கில் இல்லாத விமானம்

2025 நவம்பர் 14 அன்று கொல்கத்தா விமான நிலையத்தை விட்டு ஒரு போயிங் 737 கிளம்பியது. ஓடுபாதைப் பக்கம் அது போகவே இல்லை. இறக்கைகளைக் கழற்றி, உடலை ஒரு நீண்ட டிரெய்லர் லாரியில் ஏற்றிச் சாலைக்குக் கொண்டுவந்தார்கள். சேர வேண்டிய ஊர் பெங்களூரு. சாலை வழியே ஏறக்குறைய 1,900 கிலோமீட்டர். பறந்து போனால் இரண்டரை மணி நேரம்.

அதன் பதிவெழுத்து வி.டி.-இ.ஹெச்.ஹெச். இந்தியாவில் பதிவான எல்லா விமானங்களுக்கும் முதல் இரண்டு எழுத்து வி.டி.தான், அடுத்து வரும் மூன்றுதான் ஒன்றை மற்றதிலிருந்து பிரிக்கும் பெயர். ஆகவே இதை இ.ஹெச்.ஹெச். என்றே சொல்கிறேன். வயது 43. அதில் 30 ஆண்டு ஓடியது, 13 ஆண்டு நின்றது. நின்ற காலத்தில், இப்படி ஒரு விமானம் தன்னிடம் இருப்பதே அதன் உரிமையாளருக்கு நினைவில்லாமல் போனது.

செய்தி வந்தபோது பலர் சிரித்தார்கள். குடையை மறப்பார்கள், சாவியை மறப்பார்கள், முப்பது மீட்டர் நீள விமானத்தை மறப்பார்களா? எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. சின்ன வயதில் இந்தியன் ஏர்லைன்ஸ் 737இல் ஏறி உட்கார்ந்ததும், பணிப்பெண் ஒரு தட்டில் மிட்டாயும் காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சும் கொண்டுவந்து நீட்டியது ஞாபகம் வந்தது. மிட்டாயை இரண்டாக எடுத்துக்கொண்டதற்கு அம்மா முறைத்தது உட்பட. அந்த வகை விமானம் ஒன்று புல் முளைத்த ஓரத்தில் யாருமற்று நின்றிருக்கிறது என்றால், அதை அங்கே கொண்டுபோய் விட்டது எது என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

737 பிறந்த கதையே ஒரு நெருக்கடியோடு சேர்ந்ததுதான். முதல் 737 பறந்தது 1967இல். அந்த ஆண்டு சியாட்டில் வட்டாரத்தில் போயிங்கின் ஊழியர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். 1971இல் அது 40 ஆயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. விமானம் வாங்க ஆளில்லை. அமெரிக்க அரசாங்கம் ஒலியை மிஞ்சும் பயணிகள் விமானத் திட்டத்துக்குக் கொடுத்த பணத்தையும் நிறுத்திவிட்டது. ஊரைவிட்டுக் கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகட்டும் என்று அங்கே ஒரு விளம்பரப் பலகையே வைத்தார்கள். 737க்கும் அப்போது போதிய ஆர்டர் இல்லை. அதைப் பிழைக்கவைத்தது சின்ன ஊர்கள். உடல் தரைக்கு நெருக்கமாக இருந்ததால் பெட்டிகளை ஆட்களே கையால் ஏற்றி இறக்கலாம். ஏணிப்படி விமானத்துக்குள்ளேயே மடிந்து இருக்கும். வசதி குறைந்த விமான நிலையத்துக்கு இப்படி ஒன்றுதான் பொருந்தும். இந்தியன் ஏர்லைன்ஸுக்கும் தேவைப்பட்டது அதுவே. 200 என்ற வகையில் மட்டும் உலகம் முழுக்க ஆயிரத்துக்கு மேல் விற்றது.

இ.ஹெச்.ஹெச். 1982 செப்டம்பரில் இந்தியன் ஏர்லைன்ஸின் கைக்கு வந்தது. உள்நாட்டில் தனியார் விமான நிறுவனங்கள் அட்டவணைப்படி சேவை நடத்த முடியாத காலம் அது. 1953இல் எட்டு நிறுவனங்களை அரசுடைமையாக்கி இந்தியன் ஏர்லைன்ஸை உருவாக்கியிருந்தார்கள்.  கல்கத்தா அப்போது இந்திய வான்வழியின் பெரிய சந்தி. அதன் விமான நிலையமான டம்டம்மில் 1924இலேயே, ஆம்ஸ்டர்டாமிலிருந்து பட்டாவியா (இன்றைய ஜகார்த்தா) நோக்கிப் போன, டச்சு நிறுவனமான கே.எல்.எம்.மின் ஃபோக்கர் விமானம் வந்து இறங்கியிருக்கிறது.

டம்டம் என்றதும் விட்டுவிட மனமில்லாத ஒரு நாள் உண்டு. உலகின் முதல் ஜெட் பயணிகள் சேவையை பிரிட்டனின் காமெட் விமானம் தொடங்கியது 1952 மே 2. சரியாக ஓராண்டு கழித்து, 1953 மே 2 மாலை, டம்டம்மிலிருந்து டெல்லிக்கு எழும்பிய ஒரு காமெட் சில நிமிடங்களில் கால்பைசாகியில் சிக்கி, ஹூக்ளிப் பக்கத்து வயல்களில் துண்டுதுண்டாக விழுந்தது. 43 பேர் இறந்தார்கள். கால்பைசாகி என்பது சித்திரை வைகாசியில் வங்காளத்தை அறையும் இடிப்புயல். மறு ஆண்டு மேலும் இரண்டு காமெட்டுகள் மத்தியதரைக் கடல் பக்கம் விழுந்த பிறகுதான், உள்ளே காற்றழுத்தம் ஏறி இறங்கி ஏறி இறங்கி உலோகம் களைத்துப்போகிறது என்று கண்டுபிடித்தார்கள். காமெட் திருந்தி வந்த அதே சமயத்தில் போயிங்கின் 707உம் வந்து சந்தையைப் பிடித்துக்கொண்டது. விமானம் கட்டுகிறவர்களுக்கு மன்னிப்பு எவ்வளவு குறைவு என்பதை இந்த ஊரின் வானம் அவ்வளவு முன்னாலேயே பார்த்துவிட்டது.

இ.ஹெச்.ஹெச்.சின் முதல் பதினாறு ஆண்டுகளைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு விமானத்துக்கு அதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது. காலையில் ஒரு ஊர், மதியம் ஒரு ஊர், இரவு பணிமனை. 1989இல் இந்தியன் ஏர்லைன்ஸ் புதிய ஏர்பஸ் ஏ320களை வாங்கியது. 1990 பிப்ரவரி 14இல் அவற்றில் ஒன்று பெங்களூருவில் தரையிறங்கும்போது விழுந்து 92 பேர் போனதும், மற்ற ஏ320களையும் மாதக்கணக்கில் தரையில் நிறுத்திவிட்டார்கள். ஓய்வை நெருங்கியதாக நினைத்திருந்த 737களின் தோளிலேயே பளு திரும்ப ஏறியது.

பிறகு தனியார் வந்தார்கள். ஈஸ்ட் வெஸ்ட், டமானியா, மோடிலுஃப்ட், சென்னையிலிருந்து நம் என்.இ.பி.சி. இந்தப் பெயர்களில் ஒன்றாவது இன்று பறக்கிறதா? பத்தாண்டுகூடத் தாங்கவில்லை. இந்தியன் ஏர்லைன்ஸ் தன் பழைய 737களைப் பிரித்து, 1996இல் தொடங்கிய அலையன்ஸ் ஏர் என்ற துணை நிறுவனத்துக்குக் கொடுத்தது. 1998இல் இ.ஹெச்.ஹெச்.சும் குத்தகையில் அங்கே போனது. தாய் நிறுவனம் புதிதை வைத்துக்கொள்ளும், பிள்ளை பழையதை ஓட்டும். செலவு குறைக்க எல்லா நாட்டிலும் செய்கிற ஏற்பாடுதான். ஆனால் ஒரு விமானத்தைத் தன் கண் எதிரிலிருந்து பக்கத்து அறைக்கு நகர்த்துவதும் அதில் இருக்கிறது.

2000 ஜூலை 17. கொல்கத்தாவிலிருந்து பாட்னா, லக்னோ வழியாக டெல்லி போக வேண்டிய அலையன்ஸ் ஏர் 737-200, பாட்னாவில் இறங்கும்போது குடியிருப்பின் மேல் விழுந்தது. விமானத்தில் 55 பேர், தரையில் 5 பேர் இறந்தார்கள். இ.ஹெச்.ஹெச்.சின் வகை, ஏறத்தாழ அதே வயது. விமானிகள் இறக்கிய விதமே காரணம் என்று விசாரணை சொன்னது. ஆனாலும் பழைய விமானங்களை ஏன் இன்னும் ஓட்டுகிறீர்கள் என்று நாடே கேட்டது. பராமரித்தால் வயது பெரிய குற்றமில்லை என்று பொறியாளர்கள் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் வயதானதற்கு எரிபொருள் அதிகம் வேண்டும். சுருட்டுப் போல ஒல்லியாக இறக்கையை ஒட்டித் தொங்கும் அதன் பிராட் அண்ட் விட்னி எஞ்சின்கள் பெருஞ்சத்தம் போடும், பெருந்தீனி தின்னும். இந்திய விமான நிறுவனங்களின் செலவில் ஐந்தில் இரண்டு பங்கு வரை எரிபொருளுக்கே போய்விடும் என்கிறபோது, அந்தத் தீனியைப் போட்டுக் கட்டுபடியாகாது.

அதனால் 2007இல் பயணிகள் இறங்கினார்கள், மூட்டைகள் ஏறின. இ.ஹெச்.ஹெச். சரக்கு விமானமாக இந்தியன் ஏர்லைன்ஸுக்குத் திரும்பியது. பிறகு அஞ்சல் துறைக்காக ஓடியது. எனக்கு அதன் வாழ்வில் பிடித்த பகுதி இதுதான். கொல்கத்தாவுக்கு அப்பால் வடகிழக்கில், மழை வந்தால் ரயில் பாதை கரைந்துபோகும் ஊர்களுக்கு, கடிதமும் பார்சலும் வானில் போயின. நம் ஊர்களில் தபால் ஒரு நாள் தாமதமானால் முணுமுணுப்போம். அங்கே அது ஒரு வாரமாகவும் ஆகும்.

அதே 2007இல்தான் இந்தியன் ஏர்லைன்ஸை ஏர் இந்தியாவோடு இணைத்தார்கள். இரண்டும் அதற்கு ஓராண்டு ஈராண்டு முன்பு நூற்றுக்கு மேற்பட்ட புதிய விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்து, கடன் தலைக்கு மேல் ஏறியிருந்த நேரம். இரண்டு சம்பளப் பட்டியல், இரண்டு பதவி உயர்வு வரிசை, இரண்டு விதப் பேரேடு. இணைப்பு என்பது கையெழுத்தோடு முடிவதில்லை. பொருட்களை ஒவ்வொன்றாக எண்ணி, இது இன்னாருடையது என்று ஒருவர் எழுதி வைக்க வேண்டும். அந்த வேலைக்கு யாரும் மாலை போட மாட்டார்கள்.

2012இல் இ.ஹெச்.ஹெச். ஓய்வு பெற்றது. கொல்கத்தாவில் ஒரு மூலையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் பறப்பதை நிறுத்தியது. நாட்டின் விமான நிலையங்களில் உரிமையாளர் கைவிட்ட விமானங்கள் நிற்பது பழகிப்போன காட்சியாயிற்று. தேய்மானம் கழித்துக் கழித்துப் பழைய விமானத்தின் விலை கணக்கில் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று ஆகும். விலை இல்லாததைக் கணக்காளர் தேட மாட்டார். சரக்கு விமானம் என்பதால் பயணிகள் பிரிவுக்கு அது தெரியாது. அஞ்சல் வண்ணத்தில் ஓடியதால் பார்க்கிறவர்களுக்கு அது அஞ்சல் துறையினுடையது. ஆள் மாறினார்கள், மேலாளர் மாறினார்கள்.

2020 மே 20 அன்று ஆம்பன் புயல் கொல்கத்தாவை உலுக்கி, விமான நிலையம் குளமாகியபோது இ.ஹெச்.ஹெச். அங்கேதான் நின்றது. அதற்கு முந்தைய இரண்டு மாதம், ஊரடங்கில், அதைச் சுற்றிலும் புத்தம்புது விமானங்களும் வாயில் துணி கட்டிய எஞ்சின்களோடு அதைப் போலவே நின்றன. நிற்கும் விமானம் ஒரு ரூபாய் ஈட்டாது. ஆனால் குத்தகை ஓடும், நிறுத்தக் கட்டணம் ஓடும், வட்டி ஓடும். விமானத் தொழிலைக் கொல்வது விபத்து என்று வெளியே நினைக்கிறோம். பெரும்பாலும் கொல்வது இந்த நிற்றல்தான். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது. 2023 மே மாதம், எஞ்சின்கள் வராததால் தன் விமானங்களில் பாதி தரையில் கிடக்கின்றன என்று சொல்லி கோ ஃபர்ஸ்ட் திவால் மனு போட்டது. அந்த எஞ்சின்களும் பிராட் அண்ட் விட்னியே. குறைந்த எரிபொருளில் ஓடும் புதுத் தலைமுறை எஞ்சின், முன்கூட்டியே பழுதாகி, மாற்றுக்கு வரிசையில் நின்றது. இண்டிகோவும் அதனால் பல விமானங்களை நிறுத்த வேண்டி வந்தது.

கட்டுகிறவர்கள் பக்கமும் நிலை அதுவே. இ.ஹெச்.ஹெச்.சின் பேரப்பிள்ளையான 737 மேக்ஸ் இரண்டு விபத்துகளில் 346 பேரைக் கொன்ற பிறகு, 2019 மார்ச்சில் உலகமெங்கும் நிறுத்தப்பட்டது. அறுபதுகளின் அந்தத் தாழ்ந்த உடலிலேயே பெரிய எஞ்சினைப் பொருத்த முயன்றதில்தான் சிக்கல் தொடங்கியது. கையால் பெட்டி ஏற்றுவதற்காக வைத்த தாழ்வு, ஐம்பது ஆண்டு கழித்து இப்படி ஒரு விலை கேட்கும் என்று அன்று வரைந்தவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். இன்று ஏர்பஸ், போயிங் இரண்டிடமும் ஆயிரக்கணக்கான ஆர்டர்கள் காத்துக் கிடக்கின்றன. ஏர் இந்தியா 2023இல் 470 விமானங்கள் கேட்டது, இண்டிகோ 500. பணம் இருக்கிறது, பொருள் வரவில்லை.

இதற்கிடையே ஏர் இந்தியாவே கைமாறிவிட்டது. 61 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் கடனில் இருந்த நிறுவனத்தை 18,000 கோடிக்கு டாடா குழுமம் எடுத்தது. 2022 ஜனவரி 27இல் ஒப்படைப்பு. கைமாறிய சொத்துப் பட்டியலில் இ.ஹெச்.ஹெச். இல்லை.

நினைவு வைத்திருந்தது விமான நிலையம்தான். இடம் அதனுடையது, பார்க்கிங் ரசீது அதனுடையது. உங்கள் விமானத்தை எடுத்துக்கொண்டு போங்கள் என்று கேட்டபோது, எங்களுடையது இல்லை என்று ஏர் இந்தியா முதலில் மறுத்தது. பழைய காகிதங்களைத் தோண்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டது. இப்படி ஒன்று தங்களிடம் இருப்பதே அண்மைக்காலம் வரை தெரியாது என்று தலைமை நிர்வாகி கேம்பெல் வில்சன் ஊழியர்களுக்கு எழுதினார். மறைக்காமல் எழுதியதை மதிக்கிறேன். நிறுத்தக் கட்டணம் கிட்டத்தட்ட ஒரு கோடி ரூபாய்.

ஐந்தாண்டுகளில் கொல்கத்தாவிலிருந்து அகற்றப்பட்ட பதினான்காவது அனாதை விமானம் இது. அதற்கும் முன்னால் போன ஒன்றுக்கு வழியில் சோதனை: 2019 டிசம்பர் கடைசியில், அஞ்சல் துறை வண்ணத்தில் இருந்த ஒரு பழைய விமானம் லாரியோடு துர்காபூரில் பாலத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டு, ஊரே கூடி வேடிக்கை பார்த்தது.

இ.ஹெச்.ஹெச்.சுக்கு ஒரு நல்லது நடந்தது. ஏர் இந்தியா அப்படி அப்புறப்படுத்திய பத்து விமானங்களில், எஞ்சின்களோடு போனது இது மட்டும்தான். பெங்களூருவில் பராமரிப்புப் பொறியாளர்களுக்குப் பயிற்சிப் பொருளாகப் போகிறது. கம்பிவடமும் கப்பியுமாக இயங்கும் பழைய கட்டுப்பாடுகளைக் கையால் தொட்டு, எது இழுத்தால் எது அசைகிறது என்று இளைஞர்கள் பார்ப்பார்கள். திரையில் பார்த்துப் படிப்பதைவிட அது விரலில் நிற்கும்.

அது நின்ற இடத்தில் கொட்டகை கட்டத் திட்டமிருக்கிறது. அது கிளம்பியபோது பக்கத்தில் அலையன்ஸ் ஏரின் பழைய ஏ.டி.ஆர். விமானங்கள் இரண்டு இன்னும் நின்றன.