எரிப்பதா, புளிக்கவிடுவதா?

டெல்லி திமார்பூரில் 1987-ல் டென்மார்க் உதவியோடு ஒரு குப்பை எரிஉலை கட்டினார்கள். நாளுக்கு 300 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுப்பது திட்டம். அதற்கு ஒரு கிலோ குப்பையில் 1,462 கிலோகலோரி வெப்பம் இருக்க வேண்டும். வந்த குப்பையில் அதில் பாதிகூடத் தேறவில்லை. ஆலை விரைவிலேயே நின்றுபோனது. இந்தூரில் 2022 பிப்ரவரியில் திறந்த ஆலையில் வேறு வழி. நாளுக்கு 550 டன் மக்கும் குப்பையைக் காற்றுப் புகாத கலன்களில் புளிக்கவைத்து, சுமார் 17 டன் எரிவாயு எடுக்கும் திறன் அதற்கு உண்டு. நகரப் பேருந்துகளுக்கு அந்த வாயு போகிறது.

நம் வீட்டுக் குப்பையில் பாதி எடை தண்ணீர்தான். கொதிநிலைக்கு வந்த ஒரு கிலோ நீரை ஆவியாக்கவே 540 கிலோகலோரி வேண்டும். சோறும் காய்கறித் தோலும் வாழையிலையும் நிறைந்த குப்பையை உலையில் போட்டால், கிடைக்கும் வெப்பத்தில் பெரும்பங்கு அதை உலர்த்தவே போய்விடும்.

கலனுக்கோ அந்த ஈரம்தான் முதல். உள்ளே ஒரு கூட்டம் நுண்ணுயிரிகள் மாவையும் சர்க்கரையையும் அமிலமாக்கும். இன்னொரு கூட்டம் அந்த அமிலத்தை மீத்தேனாக்கும். முதல் கூட்டம் வேகம், இரண்டாவது மந்தம். சந்தையிலிருந்து அழுகிய பழம் ஒரேயடியாக வந்து விழுந்தால், வெயில் காலத்து இட்லி மாவுபோல எல்லாம் புளித்துப்போய், மீத்தேன் தரும் நுண்ணுயிரிகள் முடங்கிவிடும். தீனியைக் குறைத்துப் பொறுத்திருக்க வேண்டியதுதான். வரும் வாயுவில் ஏறக்குறைய 60 சதவீதம் மீத்தேன். கூடவே வரும் ஹைட்ரஜன் சல்பைடை நீக்காவிட்டால் இன்ஜின் அரித்துப்போகும்.

மாசு என்று பார்த்தால் எரிஉலைதான் கூடுதல் கவலை தருகிறது. பிவிசி போன்ற குளோரின் கலந்த பொருள்கள் சரியாக எரியாவிட்டால் டயாக்சின் என்ற நச்சு உருவாகும். அதைத் தடுக்க, புகை குறைந்தது 850 டிகிரி செல்சியஸில் இரண்டு நொடி இருக்க வேண்டும். பிறகு சட்டென்று குளிர வேண்டும். அதன் பிறகும் வடிகட்டியில் படியும் சாம்பலில் ஈயமும் காட்மியமும் இருக்கும். குப்பை குறைந்தது என்று கொண்டாடுகிறவர்கள் இந்தச் சாம்பல் எங்கே போகிறது என்று கேட்பதில்லை. மாசுக்காக டெல்லி ஓக்லா எரிஉலைக்கு 2017-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 25 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது.

கலனும் குறையற்றதல்ல. கசியும் மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும். லக்னோவில் இதே முறையில் கட்டிய ஆலை, மண்ணும் கல்லும் கலந்த குப்பையைத் தாங்காமல் மூடப்பட்டது. இந்தூர் தப்பியது, அங்கே வீட்டு வாசலிலேயே குப்பை பிரிக்கப்படுவதால்.

என் கணக்கில், மக்கும் குப்பை முழுவதும் கலனுக்கே போக வேண்டும். மறுசுழற்சிக்கு ஆகாத உலர்குப்பை மட்டும் வேண்டுமானால் உலைக்குப் போகலாம். 2016-ன் திடக்கழிவு விதிகளும் எரிபொருளாகச் சொன்னது, கிலோவுக்கு 1,500 கிலோகலோரிக்குக் குறையாத மறுசுழற்சிக்கு ஆகாத குப்பையைத்தான். சென்னை கொடுங்கையூரில் எரிஉலை கட்டும் திட்டத்தை அப்பகுதி மக்கள் எதிர்த்திருக்கிறார்கள். நீங்கள் அதை ஆதரிப்பவராயினும் எதிர்ப்பவராயினும், உங்கள் தெருவில் பிரித்துக் கொடுத்த குப்பை ஒரே வண்டியில் ஒன்றாகக் கொட்டப்படுகிறதா என்று நாளைக் காலை பாருங்கள். கொட்டினால் வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள்.