மடிப்புக் கூரையின் முதுமை: அகமதாபாத் நகராட்சி விளையாட்டரங்கும் கான்கிரீட்டின் வரலாறும்

இந்திய மண்ணில் நடைபெற்ற முதல் ஒருநாள் பன்னாட்டுக் கிரிக்கெட் ஆட்டம் 1981 நவம்பர் 25 அன்று இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே நிகழ்ந்தது. இடம், அகமதாபாத் நவரங்புராவிலுள்ள சர்தார் வல்லபபாய் படேல் விளையாட்டரங்கம். மொட்டேராவில் பின்னர் எழுந்த பெருந்திடலும் நெடுங்காலம் அதே பெயரைத் தாங்கியமையால், பலர் இரண்டையும் ஒன்றெனவே கருதுவர். 1983 நவம்பரில் மொட்டேராவில் முதல் டெஸ்ட் ஆட்டம் நடந்தபின் பன்னாட்டு ஆட்டங்கள் அங்குச் சென்றுவிட்டன. பழைய அரங்கம் மாநகராட்சியின் உடைமையாக, நகரத்தாரின் பயன்பாட்டுக்கு எஞ்சியது. கட்டுமான வரலாற்றில் அதற்குள்ள இடமோ கிரிக்கெட் வரலாற்றில் உள்ளதைவிடப் பெரிது.

1960களில் எழுந்த இவ்வரங்கத்தின் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா. கட்டமைப்புப் பொறியாளர் மகேந்திர ராஜ். மகேந்திர ராஜ் பஞ்சாப் பொதுப்பணித் துறையில் இருந்தபோது சண்டிகரில் லெ கொர்புசியேவின் கட்டடங்களுக்குப் பணியாற்றியவர். பின்னர் நியூயார்க்கில் அம்மான் அண்ட் விட்னி நிறுவனத்தில் அனுபவம் பெற்று, 1960இல் தாயகம் திரும்பியவர். பார்வையாளர் மாடத்துக்கு மேலே, முன்புறம் தூண் ஏதுமின்றி நீளும் கேன்டிலீவர் கூரை இவ்விருவரின் கூட்டு ஆக்கம். அதன் சூட்சுமம் மடிப்பில் உள்ளது. தட்டையான தாளை ஒரு விளிம்பில் பிடித்தால் தொய்ந்துவிடும். அதையே விசிறிபோல் மடித்தால் நிமிர்ந்து நிற்கும். மடிப்பு, மெல்லிய தகட்டுக்கு உத்தரத்தின் ஆழத்தை அளிக்கிறது. ஆகவே குறைந்த பொருளைக்கொண்டு நெடுந்தொலைவு நீள முடிகிறது.

அன்றைய இந்தியாவில் இச்சிக்கனம் அழகியல் விருப்பம் மட்டுமன்று. உருக்கு அரிதாகவும் விலை மிகுந்தும் இருந்தது. சிமெண்ட்டின் விலையும் பகிர்வும் அரசுக் கட்டுப்பாட்டில் இருந்தன. அக்கட்டுப்பாடு ஓரளவு தளர்ந்ததே 1982இல்தான். மலிவாகக் கிடைத்தது மனித உழைப்பு. மடிப்புத் தகட்டுக்குச் சாரமும் பலகை அச்சும் மிகுதியாக வேண்டும். ஒவ்வொரு சாய்வுக்கும் தச்சர் தனித்தனியே பலகை அறுக்க வேண்டும். கூலி உயர்ந்த நாடுகளில் இம்முறை கட்டுப்படியாகாமல் வழக்கொழிந்தபோது, இங்கே அதுவே பொருத்தமான தொழில்நுட்பமாயிற்று. பூச்சின்றி விடப்பட்ட கான்கிரீட்டில் பதிந்திருக்கும் பலகைத் தடங்கள், பெயர் பதிவாகாத அத்தொழிலாளரின் கைத்தடங்களே.

சிக்கனத்துக்கு ஒரு விலையும் உண்டு. புதிய கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளிருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுதோறும் சிறிது சிறிதாக உட்புகுந்து அக்காரத்தன்மையைக் குறைக்கிறது. அது கம்பியை எட்டியதும், ஈரம் சேருமிடத்தில் துரு தொடங்குகிறது. துரு இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் மேலுள்ள கான்கிரீட் பிளந்து உதிர்கிறது. தகடு மெல்லியதாயின் கம்பிக்கு மேலுள்ள காப்பும் மெல்லியதே. 1978ஆம் ஆண்டின் ஐஎஸ் 456 நெறிமுறைகூடத் தளங்களுக்கு 15 மில்லிமீட்டர் காப்பைப் போதுமெனக் கருதியது. 2000ஆம் ஆண்டுத் திருத்தம் மிதமான சூழலுக்கே 30 மில்லிமீட்டர் கேட்டது. நிலநடுக்கத்தைத் தாங்குவதற்கான கம்பி அமைப்பை வகுத்த ஐஎஸ் 13920 வெளிவந்தது 1993இல். 2001 ஜனவரி 26 அன்று புஜ் நிலநடுக்கத்தில் அகமதாபாத்தின் அடுக்குமாடிகள் சில சரிந்தபின், பழைய கான்கிரீட்டின் வலிமை பற்றிய கேள்வி அந்நகரில் ஏட்டளவில் நிற்கவில்லை.

எனவே இத்தகைய அரங்கத்தை மேம்படுத்துவது எளிய பொறியியல் பணியன்று. தூணைச் சுற்றிப் புதுக் கான்கிரீட் உறை இட்டால் வலிமை கூடும், மெலிவு மறையும். கூரைமேல் பூச்சுப் பூசினால் ஈரம் தடுக்கப்படும். பலகைத் தடங்கள் அழியும். எதுவும் செய்யாதுவிட்டால், கீழே அமர்பவர் தலைக்கு ஆபத்து. 2020இல் கெட்டி அறக்கட்டளை இவ்வரங்கத்தின் பாதுகாப்புத் திட்டத்துக்கு நல்கை அளித்தது, இம்முடிவுகள் ஆய்வின் அடிப்படையில் அமைய வேண்டும் என்பதற்கான ஏற்பு.

சட்டமோ வேறொரு கணக்கில் இயங்குகிறது. 1958ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டம் நூறாண்டு வயதைக் கேட்கிறது. மகேந்திர ராஜும் ராஜ் ரேவலும் 1972இல் தில்லி பிரகதி மைதானத்தில் எழுப்பிய ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’, அறுபது ஆண்டு நிரம்பாததால் மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெறாமல், 2017 ஏப்ரலில் இடிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் அகமதாபாத்தின் பழைய மதில்நகரம் உலக மரபுச் சின்னமாயிற்று. சபர்மதியின் மேற்கே நிற்கும் விளையாட்டரங்கம் அந்த எல்லைக்குள் இல்லை.

கல்லை அளவுகோலாகக் கொண்டே நமது மரபுச் சட்டங்கள் எழுதப்பட்டன. கல் நூற்றாண்டுகளைக் கடந்து காத்திருக்கும். மெல்லிய கான்கிரீட் ஐம்பது, அறுபது ஆண்டுகளிலேயே மருத்துவம் கேட்கும். சட்டம் அதை முதியது என ஏற்கும் முன்பே அது நோயுற்றுவிடுகிறது. சுதந்திர இந்தியா தன் வறுமைக்குள் நின்று வடித்த கட்டடங்கள் எஞ்சுமா என்பது, இவ்விரு கடிகாரங்களையும் நாம் எவ்வளவு விரைவில் இணக்கப்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது.