ஹாக்கி இந்தியா லீக் ஏலமும் இளையோர் தெரிவும்

ஹாக்கி இந்தியா லீக் ஏலம் என்பது, இந்தியாவின் தொழில்முறை வளைதடிப் பந்தாட்டப் (ஹாக்கி) போட்டித் தொடருக்கான வீரர்களை அணிகள் விலை கூறி எடுக்கும் முறையாகும். 2024-ஆம் ஆண்டு ஏல விதிகளின்படி ஒவ்வொரு ஆடவர் அணியும் நான்கு இளையோரைக் கட்டாயமாகச் சேர்க்க வேண்டியிருந்தது. ஆகவே ஏலத்திற்கு முன்னர் இளம் வீரர்களைக் கண்டறிவது அணிகளுக்கு ஒரு தனிப் பணியாயிற்று. தமிழ்நாட்டில் கோவில்பட்டியும் மதுரையும் இதனுடன் தொடர்புடைய இடங்களாகும்.

வரைவும் ஏலமும்

தொழில்முறை அணிகள் இளையோரைப் பகிர்ந்துகொள்ள உலகில் இரு முறைகள் பெருவழக்கில் உள்ளன. முதலாவது வரைவு முறை. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் என்னும் பனி ஹாக்கிப் போட்டித் தொடர் இம்முறையை 1963-ஆம் ஆண்டு மொண்ட்ரியால் நகரில் தொடங்கியது. இதில் 18 வயது நிரம்பிய இளையோரை அணிகள் முறை வைத்துத் தெரிவு செய்கின்றன. முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணிகளுக்கு முன்னுரிமை உண்டு; முதல் இடங்கள் குலுக்கலால் முடிவாகின்றன. இளையோர் போட்டிகளைப் பார்த்து வீரர்களைத் தரவரிசைப்படுத்தும் நடுவண் அமைப்பு ஒன்றும் அங்கு 1975 முதல் இயங்கி வருகிறது.

இரண்டாவது ஏல முறை. இந்தியாவில் துடுப்பாட்டம், கபடி, வளைதடிப் பந்தாட்டம் ஆகிய விளையாட்டுகளின் தொழில்முறைத் தொடர்கள் இதனையே பின்பற்றுகின்றன. வரைவில் ஓர் இளைஞர் பிற இளையோருடன் மட்டுமே போட்டியிடுகிறார். ஏலத்திலோ அவர் அதே பணப்பையிலிருந்து விலை பெறும் மூத்த வீரர்களுடனும் போட்டியிட நேர்கிறது.

வரலாறு

இந்தியாவில் 2005 முதல் 2008 வரை பிரீமியர் ஹாக்கி லீக் நடைபெற்றது. அதில் சென்னை வீரன்ஸ் அணி பங்கேற்றது. 2012-இல் நடந்த உலகத் தொடர் ஹாக்கியில் சென்னை சீட்டாஸ் அணி ஆடியது. ஹாக்கி இந்தியா லீக் 2013-இல் தொடங்கி, 2017 வரை ஐந்து பருவங்கள் நடந்து நின்றுபோனது. பின்னர் 2024 திசம்பரில் எட்டு ஆடவர் அணிகளுடன் மீண்டும் தொடங்கப்பட்டது. அவற்றுள் தமிழ்நாடு டிராகன்ஸும் ஒன்று.

2024 ஏலத்தின் விதிகள்

புதிய தொடருக்கான ஏலம் 2024 அக்டோபர் 13 முதல் 15 வரை புது தில்லியில் நடைபெற்றது. ஆடவர் பிரிவின் முதன்மை விதிகள் வருமாறு:

* ஒவ்வோர் அணியிலும் 24 வீரர்கள்.
* அவர்களுள் குறைந்தது 16 பேர் இந்தியர். வெளிநாட்டவர் 8 பேர்.
* இந்தியருள் நால்வர் கட்டாயமாக இளையோர்.
* ஓர் அணி செலவிடத்தக்க தொகை 4 கோடி ரூபாய்.
* அடிப்படை விலை 2 இலட்சம், 5 இலட்சம், 10 இலட்சம் ரூபாய் என மூன்று நிலைகள்.

இவ்விதிகளின்படி எட்டு அணிகளிலும் சேர்த்து இளையோருக்கு உறுதி செய்யப்பட்ட இடங்கள் 32 மட்டுமே. நாடு முழுவதிலுமிருந்து 600-க்கும் மேற்பட்ட இந்திய ஆடவர் ஏலத்திற்குப் பதிவு செய்திருந்தனர்.

4 கோடியை 24 பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு ஏறத்தாழ 16.7 இலட்சம் வரும். ஆனால் இந்திய அணித் தலைவர் ஹர்மன்பிரீத் சிங்கைச் சூர்மா அணி 78 இலட்சத்திற்கு எடுத்தது. இது அவ்வணியின் மொத்தத் தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகும். இவ்வாறு மூத்தவர்களுக்குப் பெருந்தொகை சென்றபின், எஞ்சிய இடங்களைக் குறைந்த விலையில் நிரப்ப வேண்டிய நிலை அணிகளுக்கு ஏற்படுகிறது. குறைந்த விலைக்குக் கிடைக்கும் திறமையான இளைஞரை முன்னரே அறிந்து வைத்திருக்கும் அணி இதனால் பயனடையும்.

இளையோருக்கும் பெருந்தொகை கிடைப்பதுண்டு. அராய்ஜீத் சிங் ஹுண்டலை கோனாசிகா அணி 42 இலட்சத்திற்கு எடுத்தது. அதே ஆண்டு திசம்பரில் மஸ்கட்டில் நடந்த இளையோர் ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இந்தியா பாகிஸ்தானை 5–3 என வென்றது. அதில் நான்கு கோல்களை அவரே அடித்தார்.

இளையோர் கண்டறியப்படும் களங்கள்

பள்ளிப் போட்டிகள், விளையாட்டு விடுதிகள், தேசிய இளையோர் போட்டிகள், தேசியப் பயிற்சி முகாம், பன்னாட்டு இளையோர் போட்டிகள் என்பன ஓர் இளைஞர் ஏறும் படிகளாகும். பன்னாட்டு அளவில் 21 வயதுக்குட்பட்டோர் இளையோராகக் கொள்ளப்படுகின்றனர். மேற்படிகளை எட்டியவர்களின் ஆட்டம் ஒளிபரப்பாகிறது. அணிகளின் பயிற்றுநர்கள் அதனைக் காண இயலும். கீழ்ப்படிகளில் நிற்பவர்களை நேரில் சென்று பார்த்தால்தான் அறியலாம்.

கோவில்பட்டி

மதுரைக்குத் தெற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், தூத்துக்குடி மாவட்டத்தின் கரிசல் சமவெளியில் கோவில்பட்டி அமைந்துள்ளது. தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பெயர்பெற்ற இவ்வூர், வளைதடிப் பந்தாட்ட ஆர்வத்தால் "ஹாக்கிப்பட்டி" எனவும் அழைக்கப்படுகிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சி மையமும் செயற்கைப் புல்தரையும் இங்கு உள்ளன. தேசிய இளையோர் ஆடவர் போட்டி 2022-இல் இவ்வூரில் நடைபெற்றது.

இம்மையத்தில் பயின்ற கோவில்பட்டி மாரீசுவரன் சக்திவேலும் அரியலூர் கார்த்தி செல்வமும் 2022-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கிண்ணப் போட்டியில் இந்தியாவிற்காக ஆடினர். பாகிஸ்தானுடன் 1–1 எனச் சமனில் முடிந்த ஆட்டத்தில் இந்தியாவின் கோலை அடித்தவர் கார்த்தி. பின்னர் அவர் தமிழ்நாடு டிராகன்ஸ் அணியில் இடம்பெற்றார்.

மதுரை

இளையோர் ஆடவர் உலகக் கிண்ணப் போட்டி 2025 நவம்பர் 28 முதல் திசம்பர் 10 வரை சென்னையிலும் மதுரையிலும் நடைபெற்றது. முதன்முறையாக 24 அணிகள் பங்கேற்றன. இதற்கென மதுரை பந்தயத் திடல் வளாகத்தில் பன்னாட்டுத் தரத்தில் புதிய களம் அமைக்கப்பட்டது. திசம்பர் 2 அன்று இங்கு இந்தியா சுவிட்சர்லாந்தை 5–0 என வென்றது. இறுதியாட்டத்தில் ஜெர்மனி ஸ்பெயினை வென்று கிண்ணத்தைப் பெற்றது. இந்தியா அர்ஜென்டினாவை 4–2 என வென்று வெண்கலம் பெற்றது.

சிக்கல்கள்

1976 மொண்ட்ரியால் ஒலிம்பிக் முதல் உயர்நிலைப் போட்டிகள் செயற்கைத் தரையில் நடைபெறுகின்றன. அதில் பந்து விரைவாகவும் சீராகவும் ஓடும். மண் தரையில் பந்து எகிறும்; பந்தை அடக்கும் முறையும் உடலின் நிலையும் வேறுபடும். எனவே கட்டாந்தரையில் பழகிய சிறுவன் தேர்வு நாளன்று முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஆடும்போது, அவனது உண்மையான திறன் வெளிப்படாமல் போகக்கூடும். பார்வையாளர் அதனைத் திறமைக் குறைவாகக் கொள்ளவும் இடமுண்டு.

நான்கு இளையோர் என்னும் விதி இடத்தை உறுதி செய்கிறதேயன்றி, அவ்விடம் எவ்வூருக்குச் செல்லும் என்பதை உறுதி செய்வதில்லை. முகாமை ஏற்கெனவே எட்டியவர்களே ஏலத்திலும் எளிதில் கண்ணிற் படுகின்றனர். மதுரை, கோவில்பட்டி ஆகிய ஊர்களிலுள்ள செயற்கைக் களங்கள் உள்ளூர்ச் சிறுவர்களின் அன்றாடப் பயிற்சிக்கு எந்த அளவு திறந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தே இவ்வட்டாரத்திலிருந்து வருங்கால ஏலங்களுக்குச் செல்வோரின் எண்ணிக்கை அமையும்.

இவற்றையும் பார்க்க

* தமிழ்நாடு டிராகன்ஸ்
* இளையோர் உலகக் கிண்ண வளைதடிப் பந்தாட்டம்
* கோவில்பட்டி