பொறிக்கு அப்பால்: விரகாலூர் வெடிவிபத்தும் விசாரணை நின்றுவிடும் இடமும்

அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரையில், ஏலாக்குறிச்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் தேர்ப்பவனியானாலும் அம்மன் திருவிழாவானாலும் வாணவேடிக்கை இல்லாமல் நிறைவதில்லை. அதற்கான சரக்கு முழுவதும் சிவகாசியிலிருந்து வருவதில்லை, உள்ளூரிலும் தயாராகிறது. ஏலாக்குறிச்சி அடங்கிய அதே திருமானூர் வட்டாரத்தில், விரகாலூரில் இயங்கிய பட்டாசு ஆலை 2023 அக்டோபர் 9 அன்று வெடித்துச் சிதறியது. ஒன்பது பேர் இறந்ததாக அன்றே செய்தி வந்தது. பிறகு எண்ணிக்கை கூடியது. சரக்கு விடாமல் வெடித்துக்கொண்டிருந்ததால் தீயணைப்புப் படையினரால் உடனே நெருங்க முடியவில்லை. அமைச்சர்கள் வந்தார்கள், இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது, ஆலைத் தரப்பினர் கைதானார்கள்.

பட்டாசு ஆலை விபத்து எங்கு நடந்தாலும் மறுநாள் நாளேட்டில் வரும் காரணம் பெரும்பாலும் ஒன்றே: மருந்து கலக்கும்போதோ செலுத்தும்போதோ ஏற்பட்ட உராய்வு. வேதியியல்படி இதில் பிழையில்லை. வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் மூன்றும் சேர்ந்த கலவைக்குச் சிறு தேய்ப்பு போதும். ஈரம் பட்ட கலவை தேய்ப்பில்லாமலே உள்ளுக்குள் சூடேறும். இரவு மீந்த மருந்தை மறுநாளுக்கு வைக்காதே என்று அனுபவசாலிகள் சொல்வது அதனால்தான். ஆனால் உராய்வு என்ற விடையோடு நின்றுவிடுகிற விசாரணை, தொடங்கவே இல்லாத விசாரணை என்பது என் வாதம்.

ஏனென்றால் பொறி பறக்கும் என்பது சட்டத்துக்கு முன்பே தெரியும். 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் கீழ் வந்த 2008ஆம் ஆண்டு விதிகள் பட்டாசு ஆலையை ஒரே கட்டடமாகக் கட்ட விடுவதில்லை. சிறுசிறு அறைகளாகப் பிரித்து, அறைக்கும் அறைக்கும் இடைவெளி விடச் சொல்கின்றன. ஆபத்தான வேலை நடக்கும் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது. மருந்தின் அளவுக்கும் வரம்பு உண்டு. மாவட்ட நிர்வாகம் தரும் உரிமத்தில் ஒரே நேரத்தில் 15 கிலோவுக்கு மேல் தயாரிக்கக் கூடாது. அதற்கு மேல் என்றால் மத்திய அரசின் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பிடம் போக வேண்டும். இவை எதுவும் பொறியைத் தடுக்கும் ஏற்பாடல்ல. பொறி விழுந்தே தீரும், விழுந்தால் சாவு அந்த ஓர் அறையோடு நிற்கட்டும் என்ற கணக்கு. ஆகவே ஓர் அறைக்கு அனுமதிக்கப்பட்ட ஆள்கணக்கைத் தாண்டிச் சாவு போயிருக்கிறது என்றால், பொறி எப்படி விழுந்தது என்பது இரண்டாம் கேள்வி. அத்தனை பேரும் அவ்வளவு மருந்தும் அன்று ஏன் எட்டும் தூரத்தில் இருந்தார்கள் என்பதே முதல் கேள்வி.

அந்த அக்டோபரைச் சற்று அகலமாகப் பார்த்தால் இது விளங்கும். விரகாலூருக்கு இரண்டு நாள் முன்பு, 7ஆம் தேதி, கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளியில் ஒரு பட்டாசுக் கிடங்கு எரிந்தது. இறந்தவர்களில் பலர் தமிழ்நாட்டு இளைஞர்கள். 17ஆம் தேதி விருதுநகர் மாவட்டத்தில் மீண்டும் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அத்திப்பள்ளியில் யாரும் மருந்து கலக்கவில்லை. அது கிடங்கும் கடையும். பற்றிய விதம் இடத்துக்கு இடம் வேறு. பொதுவாக இருந்தது ஒன்றுதான்: நவம்பர் 12 தீபாவளி. சரக்கு குவியும், ஆள் கூடும், கூலி எண்ணிக்கைக்குத் தகுந்தபடி கிடைக்கும். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளம் ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அறைகள் பலருக்கும் உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது வெளிவந்தது. உள்குத்தகைக்காரருக்கு அறைதான் முதல். இடைவெளி அவருக்குச் செலவு.

டொயோட்டா ஆலையில் பிறந்த ‘ஐந்து முறை ஏன் என்று கேள்’ என்ற உத்தியை இன்று எல்லாப் பாதுகாப்புப் பயிற்சியிலும் சொல்லித் தருகிறார்கள். உத்தி நல்லதுதான். ஆனால் ஐந்தாவது ‘ஏன்’ எங்கே போய் நிற்கும் என்பதைக் கேட்பவரே தீர்மானிக்கிறார். விசாரிப்பவர் தனக்குப் பழக்கமான காரணமோ, தன்னால் திருத்தக்கூடிய காரணமோ கிடைத்ததும் நிறுத்திவிடுகிறார் என்று டென்மார்க் ஆய்வாளர் யென்ஸ் ராஸ்முசன் காட்டினார். நம் ஊரில் அதோடு இன்னொன்றும் சேர்கிறது. காவல்துறைக்குக் குற்றவாளி கிடைத்தால் போதும். வருவாய்த்துறை உரிமம் தருகிறது, தணிக்கை செய்கிறது, விபத்துக்குப் பின் அறிக்கையும் கொடுக்கிறது. அந்த அறிக்கையில் ஆறாவது ‘ஏன்’ வருமானால், அது அவர்கள் அலுவலகத்தின் கதவைத்தான் தட்டும்.

அரியலூருக்கு இதில் ஒரு பழைய பாடம் உண்டு. 1956 நவம்பர் 23 விடியலில், வெள்ளத்தில் அரிக்கப்பட்ட மருதையாற்றுப் பாலம் தூத்துக்குடி விரைவு ரயிலோடு சரிந்தது. ஏறத்தாழ 150 பேர் இறந்தனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அந்தப் பெருந்தன்மையை இன்றும் மேடைகளில் பேசுகிறோம். அதே ஆண்டு செப்டம்பரில் மகபூப்நகரிலும் ஒரு பாலம் வெள்ளத்தில் போய், நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்ததைப் பலரும் சேர்த்துப் பேசுவதில்லை. மூன்றே மாதத்தில் ஒரே வகை விபத்து இரண்டு என்றால், மழைக்காலத்தில் பாலங்களைக் கண்காணித்த முறை பற்றிய கேள்வி அது. பொறுப்பேற்பது வேறு, காரணம் காண்பது வேறு. பதவி விலகலுக்கும் சரி, கைதுக்கும் சரி, இரண்டாவது கேள்வியை மறக்கடிக்கும் ஆற்றல் உண்டு.

ஆனாலும் ரயில்வேயிடம் பட்டாசுத் தொழிலில் இல்லாத ஒன்று இருக்கிறது. விபத்தை விசாரிக்கும் ஆய்வாளர்களை 1941லேயே ரயில்வே வாரியத்தின் பிடியிலிருந்து எடுத்து வேறு துறையின் கீழ் வைத்தார்கள். இன்றைய ரயில்வே பாதுகாப்பு ஆணையம் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தைச் சேர்ந்தது. அதன் ஆண்டறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்படுகிறது. விரகாலூர் விபத்தின்போது நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமும், உயிரிழப்பு என்றால் தகவல் கிடைத்த ஒரு மாதத்துக்குள் விசாரிக்க வேண்டும் என்றே 88ஆம் பிரிவில் சொன்னது. ஆனால் அந்த விசாரணையின் முடிவை ஊருக்குச் சொல் என்று அப்பிரிவு சொல்லவில்லை. மின்விசையில்லாத தொழிலகத்தில் இருபது பேர் இருந்தால்தான் பொதுவாக அது அச்சட்டப்படி தொழிற்சாலையாக இருந்தது. அதற்குக் கீழே ஆள்கணக்கு காட்டிய பட்டறைகள் அரசு தனியாக அறிவித்தாலொழிய அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை.

குற்றவாளியோடு நிற்காமல் காரணம் தேடுவது முதலாளிகள் தப்பிக்க வழிவகுக்காதா என்று தொழிற்சங்க நண்பர்கள் கேட்பார்கள். வழக்கு நடக்கட்டும், அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் வழக்குக்கான வாக்குமூலமும் காரணம் காண்பதற்கான வாக்குமூலமும் ஒரே தாளில் இருந்தால், காயத்தோடு தப்பிய தொழிலாளி எதையும் சொல்ல மாட்டார். ‘அன்று எங்கள் அறையில் ஏழு பேர் இருந்தோம்’ என்று சொன்னால் தன் மேல் பழி வருமோ, அடுத்த வேலை போகுமோ, நிவாரணம் குறையுமோ என்றுதான் அவர் நினைப்பார்.

வெடித்த இடத்தில் சுவர்கூட மிஞ்சாதபோது சாட்சியம் ஏது என்பது இன்னொரு மறுப்பு. மிஞ்சியிருப்பது வெளியே இருக்கிறது. அலுமினியத் தூளும் வெடியுப்பும் விற்ற கடையின் பில், அனுமதித்த அளவுக்கும் வாங்கிய அளவுக்கும் உள்ள இடைவெளியைக் காட்டும். முன்பணம் கொடுத்த கடைக்காரரிடமும் திருவிழாக் குழுவிடமும் ரசீது இருக்கும். எந்தத் தேதிக்குள் எவ்வளவு கேட்டார்கள் என்பது அதில் தெரியும். ஆட்களை ஏற்றிவந்த வேன் ஓட்டுநருக்கு எந்தெந்த ஊரில் எத்தனை பேர் ஏறினார்கள் என்பது மனப்பாடம். கடைசியாக வந்த தணிக்கை அதிகாரி எந்த மாதம் வந்தார், எந்த அறையைப் பார்த்தார் என்பது அலுவலகக் கோப்பில் இருக்கும். விசாரணை அதிகாரி வெடித்த இடத்துக் குழியைப் படமெடுத்த அன்றே இந்த நான்கையும் திரட்ட வேண்டும்.