அல்லைப்பிட்டிக் கிணறும் உலகக் காலநிலைக் கணக்கும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து வேலணைத் தீவுக்குச் செல்வோர் முதலிற் காணும் ஊர்களுள் ஒன்று அல்லைப்பிட்டி. 1977ஆம் ஆண்டில் ஜோன் காஸ்வெல் என்னும் ஆய்வாளர் இவ்வூர் மண்ணை அகழ்ந்தபோது, சுங் அரச மரபின் காலத்துச் சீனப் பாண்டங்களின் ஓடுகள் வெளிப்பட்டன. வாடைக் காற்றுக் கீழ்த்திசைக் கப்பல்களை மேற்கே செலுத்தியது. சோளகம் அவற்றைத் திருப்பி அனுப்பியது. பருவத்தை முன்னறிந்தே அக்கால வாணிகம் நடைபெற்றது. இன்று இவ்வூரார் பருவத்தைக் கொண்டு அறிய வேண்டியது வேறொன்று. வருங்காலத்திலும் கிணற்று நீர் குடிநீராக இருக்குமா என்பதே அது.

தீவில் ஆறு இல்லை. ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையிற் பொழிகின்றது. நிலத்தில் ஊறிய அந்நீர், அடியிலுள்ள பாரமான உவர்நீரின் மேல் ஒரு வில்லைபோல் மிதக்கின்றது. நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது கைபென், எர்ஸ்பேக் என்னும் அறிஞர் இருவர் தனித்தனியே கண்ட விதி. எனவே, மேலே அரை அடி குறையின் கீழே 20 அடி நன்னீர் இழக்கப்படும். மழை பிழைத்தாலும், கடல் உயர்ந்தாலும், அளவின்றி இறைத்தாலும் கேடு ஒன்றே.

1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்துள்ளது. ஆயினும், உலகச் சராசரி ஓர் ஊருக்கு விடையாகாது. வளிமண்டலத்தைக் கட்டங்களாகப் பிரித்துக் கணிதத்தால் வானிலையைக் கூறலாம் என்று 1922இல் ஆங்கிலேயரான றிச்சாட்சன் நூலொன்றில் விளக்கினார். அக்கணக்கைச் செய்ய 64,000 பேர் வேண்டும் என்று அவர் மதிப்பிட்டார். பின்னர் கணினி அப்பணியை ஏற்றது. ஆனால், உலக மாதிரிகளின் கட்டமொன்று நூறு கிலோமீற்றர் அளவுக்கு அகன்றிருந்தமையால், சிறு தீவுகள் அதனுள் மறைந்தன. 1989ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் டிக்கின்சன், ஜியோர்ஜி ஆகியோர் ஒரு பிரதேசத்தை மட்டும் நுண்ணிய கட்டங்களாக வகுத்துக் கணிக்கும் முறையைத் தொடக்கினர். 2009இல் அது உலகளாவிய கூட்டுமுயற்சியாயிற்று. தென்னாசியாவுக்கான கணிப்புகளிற் புனே நகரின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் முன்னின்றது.

இக்கணிப்புக்கும் எல்லை உண்டு. 50 கிலோமீற்றர்க் கட்டம் ஒன்றினுள் அல்லைப்பிட்டியும், பிற தீவுகளும், இடையிலுள்ள கடலும் ஒன்றாக அடங்கிவிடும். பெருமழையின் கடுமை மிகும் என்பதில் மாதிரிகள் பெரிதும் உடன்படுகின்றன; ஒரு பருவத்தின் மொத்த மழையைப் பற்றி வேறுபடுகின்றன. ஆதலின், ஒரு மாதிரியை மட்டும் நம்பாது, பலவற்றின் மிகக்குறைந்த மதிப்பையும் மிகக்கூடிய மதிப்பையும் ஒருங்கே நோக்கல் வேண்டும். அவை காட்டும் மாற்றத்தை ஊரின் உண்மையான மழைப் பதிவோடு பொருத்திய பின்னரே கிணற்றின் நிலையை ஆராயலாம்.

அப்பதிவு எங்கிருந்து வரும்? போரினால் இடம்பெயர்ந்து மீண்ட மக்கள் வாழும் ஊர் இது. ஆளின்றிக் கிடந்த காலத்துக் கிணறுகளுக்குக் கணக்கு வைத்திருப்போர் அரியர். எனினும், மாதந்தோறும் கிணற்றின் நீர்மட்டத்தையும் உவர்த்தன்மையையும் அளந்து குறிப்பது எந்தப் பாடசாலை மாணவருக்கும் இயலும். மாரியில் ஓடிக் கடல் சேரும் வெள்ளத்தைக் குளங்களிலும் கேணிகளிலும் தேக்குதல், எந்த மாதிரி மெய்யானாலும் பயன் தரும். பெருங்கணினியின் கணக்கு அல்லைப்பிட்டியை வந்தடைவதற்கு, கிணற்றடியில் எழுதப்படும் அந்தச் சிறு கணக்கே வழியாகும்.