ஐலா தீவின் புகை

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில், உள் ஹெப்ரிடீஸ் தீவுக் கூட்டத்தின் தென்கோடியில் கிடக்கும் ஐலா தீவின் விஸ்கியை முதன்முறையாகச் சுவைப்பவர்கள், அதில் புகையும் டிங்சர் அயோடினும் கடற்பாசியும் ஒன்றாய் எழக் கண்டு திகைப்பது சகஜம். அவ்வாசனையை ஆதியில் எவரும் ரசனை கருதி உண்டாக்கவில்லை; மரங்கள் அரிதான, நிலக்கரியைக் கப்பலேற்றிக் கொணரவேண்டிய, ஓயாத கடற்காற்று வீசும் அத்தீவின் குடியானவர்கள், குளிர் காய்வதற்கும் உணவு சமைப்பதற்கும் எந்த எரிபொருளை நம்பி வாழ்ந்தார்களோ அதையே தங்கள் பார்லியை உலர்த்தவும் உபயோகித்ததன் பலனே அது.

பீட் எனப்படும் அவ்வெரிபொருள், சதுப்பு நிலத்தில் பாசியும் புல்லும் ஹெதர்ச் செடியும் நீரில் ஊறி, முற்றும் மக்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து கறுத்த மண். வசந்தத்தில் மேற்புல்லைச் சீவி ஒதுக்கிவிட்டு, குறுகிய அலகுடைய நீண்ட மண்வெட்டியால் அதைப் பாளம் பாளமாக அறுத்தெடுத்து, காற்றிலே காயவைத்து, அம்பாரமாகக் குவிப்பார்கள். ஊறிய பார்லியைத் தளத்தில் பரப்பி, மரத் துடுப்புகளால் புரட்டிப் புரட்டி முளைகட்டச் செய்து, பின்பு சூளையின் துளைத் தளத்தில் கொட்டிக் கீழே பீட்டை மூட்டுவார்கள். தானியம் ஈரமாயிருக்கும் வரையில்தான் புகையிலுள்ள பீனால்கள் அதன் உமியில் நன்றாகப் பற்றும். ஆகையால் தொடக்கத்தில் தீயைக் கொழுந்துவிட விடாமல், கனன்று புகையும்படி அடக்கி வைப்பதிலேதான் சூளைக்காரரின் சாமர்த்தியம் முழுவதும் இருக்கிறது. இப்படி முளைகட்டி உலர்ந்த பார்லியான மால்ட்டில் பத்து லட்சம் பங்குக்கு ஏறத்தாழ 55 பங்கு பீனாலை ஆர்ட்பெக் வடிசாலை கோருகிறது. லஃப்ராய்க்குக்குச் சுமார் 40 முதல் 45 பங்கு போதும்.

முற்காலத்தில் ஸ்காட்லாந்தின் பெருநிலப் பகுதியிலும் பீட் புகை சாதாரணமாகவே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் பாதைகள் நிலக்கரியையும் கோக்கையும் உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளுக்குக் கொண்டு சேர்க்கவே, ஸ்பே நதிக்கரை விஸ்கிகளில் புகை மெலிந்தது. ரயில் எட்டாத ஐலாவிலோ, 1779-இல் தோன்றியதாகச் சொல்லப்படும் போமோர் வடிசாலையும், தென்கரையில் 1815, 1816 ஆம் ஆண்டுகளைத் தம் தொடக்கமாகக் கொண்டாடும் லஃப்ராய்க், ஆர்ட்பெக், லகவூலின் ஆகியவையும் பழைய வழியை விடவில்லை.

ஆனால் பீட் இருந்துவிட்டால் மட்டும் இச்சுவை வந்துவிடாது. லஃப்ராய்க்கின் விற்பனை உரிமையை இழந்து சினங்கொண்ட லகவூலின் உரிமையாளர் பீட்டர் மெக்கி, 1908-இல் தம் வளாகத்துக்குள்ளேயே மால்ட் மில் என்னும் சிறு வடிசாலையை எழுப்பி, அண்டை வீட்டு விஸ்கியை அப்படியே வடித்துவிட முயன்றார். அவ்வடிசாலை அரை நூற்றாண்டுக்கு மேல் இயங்கியும் லஃப்ராய்க்கின் சுவை அதற்குச் சித்திக்கவில்லை. கொப்பரையிலிருந்து முதலில் பழ மணம் மிகுந்த திரவமும், புகையின் பெரும்பகுதி பிற்பாடும் இறங்குவதால், எந்த நொடியில் பிரித்தெடுப்பது என்பதையும் பொறுத்தே இச்சுவை அமைகிறது. துலிப் மலர் வடிவக் கோப்பையில் சிறிது ஊற்றி, சில துளி நீர் விட்டு, நிதானமாக முகர்ந்தால், புகைக்கு அடியில் அப்பழ மணம் இன்னும் இருப்பதை அறியலாம்.

நெடுங்காலம் இவ்விஸ்கிகளின் பெரும்பகுதி கலப்பு விஸ்கிகளுக்குப் புகையூட்டும் சரக்காகவே விலைபோயிற்று. 1980-களில் விஸ்கித் தொழில் கண்ட வீழ்ச்சியில் ஆர்ட்பெக்கும், அதே தீவின் போர்ட் எலன் வடிசாலையும் மூடப்பட்டன. பின்னர் ஒரே வடிசாலையின் மால்ட் விஸ்கியான தனி மால்ட்டின்மீது உலகெங்கும் மோகம் பிறந்து, ஆர்ட்பெக் மீண்டது. போர்ட் எலனும் 2024-இல் மறுபடி வடிக்கத் தொடங்கியது. இன்று அத்தீவுக்கு வேறு எரிபொருள்கள் உண்டு. தேவையால் எழுந்த புகை இப்போது சுவைக்காகவே மூட்டப்படுகிறது. பீட்டோ ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளர்கிறது. ஒரு மீட்டர் ஆழம் வெட்டினால் ஆயிரம் ஆண்டுகளின் சேமிப்பு தீர்ந்துவிடுமாதலால், வடிசாலைகள் அளவறிந்தே அதை எரிக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.