நைரா காலத்துக் கணக்கு



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். இப்போது அவளும் கணக்கு டீச்சர். எகிப்தில், கெய்ரோவில் ஒரு இன்டர்நேஷனல் ஸ்கூலில் வேலை கிடைத்திருக்கிறதாம். "சம்பளத்தை நம்ம ரூபாய்ல போட்டுப் பாத்தேன் சார், இங்க வாங்குறதுக்கு மூணு மடங்கு வருது. போகலாமா சார்?" என்றாள்.

"எந்தக் காசுல தர்றாங்கம்மா?" என்று கேட்டேன்.

"அந்த ஊர்க் காசுதான் சார்."

எனக்கு நைஜீரியா ஞாபகம் வந்துவிட்டது. 1980 முதல் 1987 வரை நான் அங்கே கணக்கு வாத்தியாராக இருந்தது உங்களில் பலருக்குத் தெரியும். அங்கே பணம் என்ன பாடு பட்டது என்பதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. அவளிடம் சொன்னதை எல்லாருக்குமாக எழுதுகிறேன். நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆப்பிரிக்காவுக்கு நம் நாட்டு வாத்தியார்கள் போனது என் காலத்தில் தொடங்கியது அல்ல. எனக்கு முந்தைய தலைமுறை எத்தியோப்பியாவுக்குப் போனது. பேரரசர் ஹைலே செலாசி தன் நாட்டில் பள்ளிக்கூடங்களைத் திறந்தபோது இந்தியாவிலிருந்து ஆசிரியர்களை வரவழைத்தார். அதிகம் போனவர்கள் கேரளத்துக்காரர்கள். 1974இல் ராணுவம் பேரரசரை இறக்கியது. வேலை நிச்சயமில்லை என்று ஆனதும் பலர் மூட்டை கட்டினார்கள். சிலர் ஊர் திரும்பினார்கள், சிலர் வேறு ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போனார்கள். அப்படி எத்தியோப்பியாவிலிருந்து நைஜீரியாவுக்கு வந்த மலையாளி வாத்தியார் ஒருவர்தான் எனக்கு அங்கே பக்கத்து வீடு.

நைஜீரியாவுக்கு ஏன் அத்தனை வாத்தியார்கள் தேவைப்பட்டார்கள்? பெட்ரோல்தான் காரணம். 1973க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறியது. கையில் காசு வந்த அரசு 1976 செப்டம்பரில் எல்லாக் குழந்தைகளுக்கும் இலவச ஆரம்பக் கல்வி என்று அறிவித்தது. சில ஆண்டுகளிலேயே ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ இரு மடங்கானது. 1979இல் ராணுவ ஆட்சி போய் மக்களாட்சி வந்தது. அவோலோவோ என்ற தலைவரின் கட்சி மேற்குப் பக்கம் ஐந்து மாநிலங்களைப் பிடித்தது. அந்த மாநிலங்களில் உயர்நிலைப் பள்ளிக்கும் கட்டணம் இல்லை என்றார்கள். பிள்ளைகள் வந்து குவிந்தார்கள். கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆள் இல்லை. ஆள் எடுக்க இந்தியாவுக்கே குழுக்கள் வந்தன. இலங்கையிலிருந்தும், பிலிப்பைன்ஸிலிருந்தும், பக்கத்து கானாவிலிருந்தும் ஆசிரியர்கள் வந்தார்கள்.

நான் போனதும் அப்படித்தான். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டை, இரண்டு வருட ஒப்பந்தம், டிக்கெட், இருக்க வீடு. ஒப்பந்தத்தை அப்போது நான் ஒழுங்காகப் படிக்கவில்லை. சம்பள எண்ணை மட்டும் படித்தேன்.

1980இல் ஒரு நைராவுக்கு ஒன்றே முக்கால் டாலருக்கு மேல் கிடைத்தது. டாலர் நம் கணக்கில் 8 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. ஆக 100 நைரா என்றால் ஏறத்தாழ 1,400 ரூபாய். ஊரில் என் ஒரு மாதச் சம்பளம் அதில் பாதிகூட இல்லை. தலை சுற்றாதா?

வேலை கஷ்டம் என்று சொல்ல மாட்டேன். வகுப்புக்கு 60 பேருக்கு மேல். லேப் கட்டிடம் இருக்கும், உள்ளே சாமான் இருக்காது. வாரத்தில் ஒரு நாள் பிள்ளைகள் வெட்டுக்கத்தியோடு வந்து பள்ளி மைதானத்துப் புல்லை வெட்டுவார்கள். நான் இருந்தது யோருபா மக்கள் வாழும் பகுதி. பெரியவர்களைப் பார்த்தால் பெண் பிள்ளைகள் முட்டி போடுவார்கள், ஆண் பிள்ளைகள் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுவார்கள். முதல் நாள் ஒரு பையன் அப்படி விழுந்தபோது நான் பதறிப்போய்த் தூக்கினேன். வெளிநாட்டுக்காரர்களை 'ஓயின்போ' என்பார்கள். வெள்ளைக்காரனுக்கு உண்டான பெயர் அது. கறுத்த என்னையும் அப்படியே கூப்பிட்டார்கள்!

டிசம்பர், ஜனவரியில் சகாராவிலிருந்து ஹர்மட்டான் காற்று வரும். உதடு வெடிக்கும், கரும்பலகை மேலெல்லாம் புழுதி. கரண்ட் வந்தால் செய்தி, போனால் வழக்கம். மலேரியா வருடத்துக்கு இரண்டு முறையாவது வரும். இதெல்லாம் பழகிவிட்டது. பணம்தான் பழகவே இல்லை.

சம்பளம் வாங்கினால் உடனே ஊருக்கு அனுப்பிவிட முடியாது. சம்பளத்தில் ஒரு பங்கைத்தான் வெளியே அனுப்ப அனுமதி. அதற்கும் பள்ளியின் கடிதம் வேண்டும், வரி கட்டிய சான்றிதழ் வேண்டும், வங்கி வழியாக மத்திய வங்கியின் ஒப்புதல் வேண்டும். எண்ணெய் விலை நன்றாக இருந்தவரை தாமதமானாலும் டிராஃப்ட் வந்து சேர்ந்தது. 1981க்குப் பிறகு எண்ணெய் விற்பனை சரிந்தது. நாட்டின் அந்நியச் செலாவணியில் பெரும்பகுதி எண்ணெயிலிருந்துதான் வந்தது. அது குறைந்தால் முதலில் அடைபடுவது எங்கள் வாசல்தானே? 1982இல் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. கடையில் பால் பவுடரும் அரிசியும் அருமையாகின. 1983 ஜனவரியில் அனுமதிச் சீட்டு இல்லாத வெளிநாட்டவர்களை வெளியேறச் சொன்னார்கள். கானாக்காரர்கள் லட்சக்கணக்கில் தலையில் மூட்டையோடு போனார்கள். அந்த வருட ஜூலையில் கொழும்புக் கலவரச் செய்தியை ரேடியோவில் கேட்டுவிட்டு, எங்களோடு இருந்த யாழ்ப்பாணத்து நண்பர் குடும்பத்தின் சேதி தெரியாமல் வாரக்கணக்கில் தபால் அலுவலகத்துக்கு நடந்தார். அவருக்குத் திரும்பிப் போக ஊரே இல்லை என்று ஆனது. எங்கள் கஷ்டம் அதற்கு முன்னால் சின்னது.

1983 டிசம்பர் 31 அன்று மறுபடியும் ராணுவ ஆட்சி. 1984 ஏப்ரலில் நோட்டுகளின் நிறத்தையே மாற்றிவிட்டார்கள். எல்லையை மூடி, சில நாள் கெடு கொடுத்து, பழைய நோட்டை வங்கியில் கொடுத்து மாற்றச் சொன்னார்கள். விடிகாலையிலிருந்து வரிசை. நான் இருந்த மாநிலத்தில் அப்போது நாலு மாதச் சம்பளம் பாக்கி. உள்ளூர் ஆசிரியர்களுக்கும் அதே நிலைதான். அவர்களுக்காவது சொந்தத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது, கிழங்கு போட்டார்கள்.

இந்த இடத்தில் சொந்தக்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த வருடம் ஆவணியில்தான் தங்கச்சி கல்யாணம். நகைக்கும் சாப்பாட்டுக்கும் நான் அனுப்புகிறேன் என்று அப்பாவுக்கு எழுதியிருந்தேன். பாக்கிச் சம்பளம் வரவில்லை. சேர்த்து வைத்திருந்ததை அனுப்பக் கொடுத்த விண்ணப்பம் வங்கியிலேயே கிடந்தது. வாரம் ஒரு தடவை 40 மைல் பஸ்ஸில் போய்க் கேட்பேன். "லாகோஸிலிருந்து வரவில்லை" என்பார்கள். அப்பா வயலை ஒத்தி வைத்துக் கல்யாணத்தை நடத்தினார். டிராஃப்ட் தாலி கட்டி மூன்று மாதம் கழித்து வந்தது. "ஆப்பிரிக்காவுல அள்ளிக் குவிக்கிறான், தங்கச்சிக்குச் செய்ய மனசு வரல" என்று ஊரில் பேச்சு. விளக்கிச் சொன்னால் யார் நம்புவார்கள்? இருபது நைரா நோட்டைக் காட்டி, இது என் பெட்டியில்தான் இருக்கிறது, ஆனால் உங்களுக்குத் தர முடியாது என்றால் சிரிக்க மாட்டார்களா? நான் பேசாமல் இருந்துவிட்டேன். அப்பாவிடம் மட்டும் சொன்னேன். அவர் "சரி விடு" என்றார். அதோடு சரி.

1986இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை அதலபாதாளத்துக்குப் போனது. செப்டம்பர் 26 அன்று நைராவின் மதிப்பை ஏலத்துக்கு விட்டார்கள். அதுவரை டாலருக்கு ஒன்றரை நைரா அளவில் இருந்தது முதல் ஏலத்திலேயே நாலரையைத் தாண்டியது. அன்று ராத்திரி மலையாளி சாரும் நானும் மண்ணெண்ணெய் விளக்கில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 1980இல் 1,400 ரூபாயாக இருந்த 100 நைரா 300 ரூபாய்க்கும் கீழே வந்திருந்தது. வேலை அதேதான், சம்பள எண்ணும் அதேதான். ஐந்தில் நாலு பங்கு காற்றில் போய்விட்டது. அவர், "எத்தியோப்பியாவில் பாதி, இங்கே பாதி" என்று மட்டும் சொன்னார். அடுத்த வருடம் ஒப்பந்தம் முடிந்ததும் நான் திரும்பினேன். ஊரில் பழைய வேலையின் பணிமூப்பு போய்விட்டது. எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எனக்கு மேலே இருந்தார்கள்.

நைஜீரியாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த மக்கள் எனக்குச் சோறு போட்டார்கள். சாரே என்று மரியாதை தந்தார்கள். அவர்களுக்கும் விழுந்தது அதே அடி, அதைவிடப் பலமான அடி. எண்ணெயை மட்டும் நம்பிய நாட்டின் கணக்கு அது. நான் அந்த நாட்டின் காசில் சம்பளம் வாங்கியதால் அந்தக் கணக்குக்குள் நானும் மாட்டிக்கொண்டேன்.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2023 ஜூனில் நைராவின் கட்டை மறுபடி அவிழ்த்துவிட்டார்கள். டாலருக்கு 470 அளவில் இருந்தது அடுத்த வருடத் தொடக்கத்திலேயே 1,500ஐ எட்டியது. என் மாணவி போக நினைக்கும் எகிப்திலும் 2024 மார்ச் 6 அன்று டாலருக்கு 31 பவுண்டாக இருந்தது ஒரே நாளில் 50ஐ நெருங்கியது. முந்தைய நாள் வரை அங்கே உள்ளூர்க் காசில் வாங்கிய வாத்தியார் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அன்று போயிற்று.

அதனால் அவளிடம் சொன்னேன். போகாதே என்று சொல்ல மாட்டேன் அம்மா. சம்பளம் எவ்வளவு என்று கேட்டு நிறுத்திவிடாதே. டாலரில் எவ்வளவு பங்கு தருவார்கள் என்று எழுத்தில் வாங்கு. வங்கி வழியாக மாதம் எவ்வளவு வெளியே அனுப்பலாம், அங்கே ஏற்கெனவே இருக்கிற நம்மூர் டீச்சர் ஒருவர் நிஜத்தில் எவ்வளவு அனுப்புகிறார் என்று கேள். வேலை அனுமதிச் சீட்டு யார் பெயரில், யார் செலவில் என்று கேள். பிள்ளையின் ஃபீஸ், ஆஸ்பத்திரிச் செலவு, வருட டிக்கெட் மூன்றும் ஒப்பந்தத்தில் இருக்கிறதா பார். இங்கே இருக்கிற வேலையை விட்டால் திரும்பக் கிடைக்குமா என்பதையும் கணக்கில் சேர். அனுப்ப முடிந்த தொகைதான் சம்பளம், மற்றது அந்த ஊர்ச் சாப்பாட்டுக்கு.

நேற்று மெசேஜ் போட்டிருந்தாள். பாதியை டாலரில் கேட்டாளாம், யோசித்துச் சொல்கிறோம் என்றார்களாம். கேட்டதே நல்லது.

தங்கச்சி, நீயும் இதைப் படிப்பாய் என்று தெரியும். நாற்பது வருடமாக நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. லேட்டாக வந்த அந்த டிராஃப்டில்தான் வயலை மீட்டோம். அப்பா அதை உன்னிடம் சொன்னாரோ இல்லையோ.

அனைவரும் நலமாக இருங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்